தேவகோட்டை வெயிலில் மவுண்டன் பைக் ஓட்ட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வான்கூவரில் 12 ஆண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள ஃபிரோம், சீமோர் மலைகளில் வாரம் இரண்டு நாளாவது மவுண்டன் பைக் ஓட்டிய நீங்கள், மாமனார் மாமியாரைக் கவனித்துக்கொள்வதற்காக வரும் சித்திரையில் குடும்பத்தோடு தேவகோட்டைக்குக் குடிவரப் போகிறீர்கள். நாற்பது டிகிரி வெயிலில், மலையே இல்லாத ஊரில், இந்தப் பழக்கத்தைத் தொடர முடியுமா, அல்லது சைக்கிளை அங்கேயே விற்றுவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம், கொண்டு வாருங்கள். நான் ஸ்காட்லாந்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்து, பீபிள்ஸ் ஊருக்கு அருகிலுள்ள கிளென்ட்ரெஸ் காட்டுப் பாதைகளில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, பிறகு பள்ளத்தூருக்குத் திரும்பி வந்தவன். வந்த பிறகும் இன்றுவரை விடாமல் ஓட்டி வருகிறேன். ஆனால் அங்கே ஓட்டியதைப் போலவே இங்கேயும் ஓட்டப் பார்த்த முதல் பங்குனி மாதம் எனக்கு உயிராபத்தின் விளிம்புவரை போய் வந்த மாதமாக ஆயிற்று. ஆகவே வெயிலைப் பற்றித்தான் முதலில், சற்று நீளமாகவே, சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிள் மிதிக்கும்போது நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான், பல நேரங்களில் அதற்கும் குறைவாகத்தான், சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி முழுவதும் உடலுக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. 200 வாட் திறனில் ஏற்றம் ஏறுகிற ஒருவரின் உடலில் கிட்டத்தட்ட 700 வாட் வெப்பம் பிறக்கிறது. ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பானது அது. வான்கூவர் காட்டின் 15 டிகிரிக் காற்று அந்த வெப்பத்தைத் தோலிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடும். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி என்பதால், காற்றின் வெப்பம் அதைத் தாண்டிய பிறகு காற்றே உடலைச் சூடேற்றத் தொடங்குகிறது. வியர்வை ஆவியாவது ஒன்றுதான் அப்போது நமக்கு மிஞ்சும் வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடலை விட்டு நீங்கும். 700 வாட் என்பது மணிக்கு 2,500 கிலோஜூல். சொட்டுக்கூட மண்ணில் விழாமல் ஆவியானால்தான் மணிக்கு ஒரு லிட்டர் போதும். விழத்தான் செய்யும், ஆகவே அதற்கு மேலேயே தேவைப்படும். சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்க்காற்றாவது துணை நிற்கிறது. சரளையிலும் கல்லிலும் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் முக்கி ஏறுகிற நமக்கு அந்தத் துணையும் கிடையாது.

இதற்கு உடல் பழகக்கூடியது. பழகுவதற்கு ஒரு கணக்கும் உண்டு. வெப்பத்தில் நாள்தோறும் சிறிது உழைத்துவந்தால், முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, அதே உழைப்புக்கு இதயத் துடிப்பு குறைகிறது. அடுத்தடுத்த நாட்களில் வியர்வை முன்னதாகவே தொடங்கி, கூடுதலாகச் சுரந்து, அதிலுள்ள உப்பும் குறைகிறது. பத்து முதல் பதினான்கு நாட்களில் பெரும்பகுதி கைகூடிவிடும். வெப்பத்தை விட்டு மூன்று நான்கு வாரம் விலகியிருந்தால் பெற்றதில் பெரும்பாலானது கரைந்தும் போகும் என்பதால், கனடாவுக்கு ஒரு மாத விடுமுறை போய்வந்தால் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் வந்து இறங்கியதும் முதல் நான்கைந்து நாட்கள் காலையிலும் மாலையிலும் நடை மட்டும் போதும். அதன்பின் சமதளத்தில் இருபது நிமிடம், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். இரவில் ஏசி அறையில் தூங்கினால் உடல் பழகாது என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பகலில் வெப்பத்தில் உழைக்கிற உடல் எப்படியும் பழகிக்கொள்ளும். தூக்கம் கெட்டால்தான் மறுநாள் தாங்காது.

என் பங்குனி மாதத்தைச் சொல்கிறேன். ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கண்மாய்க்கரையில் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கைகளில் மயிர் சிலிர்த்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் எந்தப் பக்கமாக வந்தேன் என்பதே மறந்துபோய்க் கரையில் நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் சொன்ன பதில் ஒன்றுக்கொன்று பொருந்தாததைக் கவனித்து, கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பம்புசெட் தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார வைத்துத் தலையில் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பின்னாளில் மருத்துவ நூல்களைப் படித்தபோதுதான், இன்றைக்குப் பரிந்துரைக்கப்படும் முதலுதவியே அவர் செய்ததுதான் என்று தெரிந்தது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, அதோடு புத்தியும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். தோல் காய்ந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இராமல், கிடைத்த நீரில் உடலை அமிழ்த்தித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் குளிர்ந்துவிடுவதுதான் உயிரைக் காக்கிறது. தனியாக ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதல் ஓராண்டுக்காவது அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூரிலிருந்து வருகிற எல்லோரும் கத்திரி வெயிலுக்கு அஞ்சுகிறார்கள். நான் அதற்கு இணையாக அஞ்சுவது ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு, இலை அசையாமல் புழுங்கும் காலைப் பொழுதுகளுக்கு. 40 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய 24 டிகிரிதான். 30 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றில் அது 28 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வியர்வை எந்த அளவுக்கு நம்மைக் குளிர்விக்க முடியும் என்பதைச் சொல்லும் அளவு அதுதான். கத்திரியின் நேர்வெயில் தனியாகச் சுடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டு எவரும் தாமாகவே வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். மழைக்கால மேகமூட்டம் நம்மை ஏமாற்றி வெளியே இழுத்துவிடுகிறது.

அடுத்தது கடிகாரம். வான்கூவரில் ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும் என்பதால், வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஓட்டுவது உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது 5.50-க்கும் 6.45-க்கும் இடையில், மாலை ஐந்து மணிக்கும் செம்மண் தரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆகவே உங்கள் ஓட்டம் முழுவதும் விடியலுக்கு மாற வேண்டும். சூரிய உதயம் பருவத்துக்கு ஏற்ப ஆறு மணிக்குச் சற்று முன்னும், ஆறரைக்குச் சற்றுப் பின்னும் இருக்கும். ஐந்தேகாலுக்கு எழுந்து, கண் தெரியும் வெளிச்சம் வந்ததும் கிளம்பி, சித்திரை வைகாசியில் ஏழரைக்குள்ளும் மார்கழி தையில் ஒன்பதுக்குள்ளும் வீட்டு முகப்புக்கு வந்துவிட வேண்டும். குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை போகும் நகரத்தார் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கடைப்பிடிப்பதைத் தையில் பார்ப்பீர்கள். விடியுமுன்னே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறியதும் தங்கிவிடுகிறார்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தவறு நேரலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைய விடக் கூடாது. எடை கூடியிருந்தால், தேவைக்கு மிஞ்சி வெறும் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். அது இரத்தத்தின் உப்பை நீர்க்கச் செய்து வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியே போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. இளநீரை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். இளநீர் குடித்தால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். என் சொந்த விருப்பம், கிளம்புமுன் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்த ஒரு செம்பு நீராகாரம்.

இனி நிலத்துக்கு வருகிறேன். மலை இல்லாத ஊர் என்று எழுதியிருந்தீர்கள். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஜார்ஜியா மாநிலத்தின் ஜூலை வெக்கையில் ஆண்கள் தங்கத்தை வென்றவர் பார்ட் பிரென்ட்ஜென்ஸ். அவர் நாடு நெதர்லாந்து, உலகின் மிகத் தட்டையான நாடுகளில் ஒன்று. பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் புக்கிட் தீமாவிலும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவிலும் இதற்கென்றே பாதைகள் அமைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டுக் குடும்பங்களில் பலருக்கு அங்கே உறவினர் இருக்கக்கூடும், ஒருமுறை போய் ஓட்டிப் பாருங்கள். இந்த விளையாட்டுக்கு உயிர் ஒற்றையடிப் பாதை. செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. கண்மாய்க்கரைகள், வரத்துக்கால் ஓரங்கள், கோடையில் காய்ந்த உள்வாய்கள், முந்திரித் தோப்புகளுக்கும் தைலமரக் காடுகளுக்கும் இடையே மாடு நடந்து உண்டான தடங்கள் என்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கரை ஓரிடத்தில் ஒரு கை அகலத்துக்குக் குறுகும். மடையருகே சட்டென்று இறங்கி ஏறும். மிகுநீர் வழிந்தோடும் கலுங்கில் கற்படிகளாகச் சரியும். வேகமாகப் போனால் ஒவ்வொன்றும் ஒரு சோதனைதான்.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது மண். வான்கூவரின் ஈர மண்ணும் மரவேரும் டயரைப் பிடித்துக்கொள்ளும். இங்கே செம்பூராங்கல் படிந்த தரை சிமெண்டு போல் இறுகியிருக்க, அதன்மேல் கோலிக்குண்டு போன்ற செஞ்சரளை உருண்டுகொண்டிருக்கும். வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் விழுவது உறுதி. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, உடலை நேராக வைத்துச் சைக்கிளை மட்டும் சாய்த்துத் திரும்புங்கள். முன் பிரேக்கை ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் பிடிக்கக் கற்க எனக்கு ஓராண்டு ஆனது. பழைய செம்பூராங்கல் வெட்டுக்குழிகள் செங்குத்தான சரிவுகளோடு ஆசை காட்டும். விளிம்பு இற்று விழக்கூடியது, மழைக்குப்பின் நீரின் ஆழமும் தெரியாது. அவற்றில் இறங்க வேண்டாம்.

கரையில் ஓட்டுவதற்கு நமக்குச் சட்ட உரிமை ஏதும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பிறர் நிலத்தின் வழியாகப் போகும் உரிமையைத் தந்திருந்தது. அந்தத் துணிச்சலோடு இங்கே நான் முதலில் நடந்துகொண்டது பிழை. இங்கே உரிமை என்பது பழகிய முகத்துக்குக் கிடைப்பது. முதல் முறை ஒரு கரைக்குப் போகும்போது இறங்கி நின்று, பக்கத்து வயல்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். “எங்கிட்டு ஆத்தா போறீக?” என்று கேட்பார்கள், அது தடுப்பதற்கான கேள்வி ஆகாது, ஆனால் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மழையில் நனைந்த கரையில் டயர் போட்ட பள்ளத்தின் வழியே அடுத்த மழைநீர் ஓடிக் கரையையே அரித்துவிடும் என்பதால், காயும்வரை அந்தப் பக்கம் போகவே கூடாது. ஐயனார் கோவில் காடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். நாமும் இறங்கித் தள்ளிக்கொண்டு, சுற்றிப் போய்விட வேண்டும். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்காக, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள்; பறவைகள் தங்கியிருக்கும் மாதங்களில் அந்தக் கரைகளில் சைக்கிளோடு நுழைவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. சித்தன்னவாசல், திருமயம் பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பிரான்மலை வழிபாட்டுக்குரிய மலை. அங்கெல்லாம் நடந்து மட்டுமே போங்கள்.

குதிப்பதும் வளைவதும் மறந்துபோகாமல் இருக்க, உங்கள் மாமனாரின் தோப்பில் கால் ஏக்கர் கேட்டு வாங்கி ஒரு பம்ப் டிராக் போடுங்கள். மிதிக்காமலே, கையாலும் காலாலும் அழுத்தி எழுந்து மேடுகளின் மேல் வேகமெடுக்கும் சுற்றுத்தடம் அது. மேட்டின் உயரத்தைப்போல் பத்து மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் மேட்டுக்கு உச்சியிலிருந்து உச்சிக்கு மூன்று மீட்டர். கார்த்திகை மழை விட்டதும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துவிட்டால், செம்மண் வெயிலில் இறுகி அடுத்த மழைவரை தாங்கும். என் தடத்தில் இப்போது தெருப் பிள்ளைகள் சாதாரணச் சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள்.

உண்மையான இறக்கத்துக்கு ஏங்கும்போது ஆண்டுக்கு நான்கு முறையாவது மலைக்குப் போய்விடுவது என் வழக்கம். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வீதம் குளிரும் என்பதால், 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நம் ஊரைவிடப் பதின்மூன்று டிகிரி இதமாக இருக்கும். திண்டுக்கல் அருகே 18 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சிறுமலை அதைவிடப் பக்கம். இரண்டிலும் காப்புக்காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டக்காரர்களின் நிலத்துப் பாதைகளுக்கு அவர்களின் சம்மதம் போதும். 2023-இல் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நடந்த பொன்முடியும், திருவனந்தபுரம் பக்கமாக, ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடியதே.

சைக்கிளைப் பொறுத்தவரை இங்கே உங்களுக்கு முதல் எதிரி முள். சீமைக்கருவேல முள் டயருக்குள் முறிந்து தங்கிவிடும். நெருஞ்சி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முனையை மேலே நிறுத்தும். டியூப் போட்டு ஓட்டினால் நாளுக்கு மூன்று பஞ்சர் என்பது மிகையில்லை. டியூப் இல்லாத டயரும் உள்ளே அடைப்புத் திரவமும் கட்டாயம். அங்கே ஐந்தாறு மாதம் தாங்கும் திரவம் இந்தச் சூட்டில் ஒன்றிரண்டு மாதத்தில் உலர்ந்துவிடுகிறது என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இத்தகைய சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வகைக் காற்றடைப்பு வால்வு நம் பஞ்சர் கடைகளுக்குப் பழக்கமில்லை. அடாப்டர் இரண்டு கொண்டு வாருங்கள். விடியலில் 25 பவுண்டு அடித்த டயர், வெயிலில் நின்று 20 டிகிரி கூடினால் 27 பவுண்டைத் தாண்டும்; சரளையில் அந்த வேறுபாடு கைக்குத் தெரியும். பிரேக், டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவத்தில் இயங்குவதானால் டாட் 4 எந்த இருசக்கர உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்; மினரல் ஆயில் வகையானால் இரண்டு புட்டி எடுத்து வாருங்கள், ஒன்றுக்கு மற்றொன்றை ஒருபோதும் ஊற்றக் கூடாது. 1976-இல் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலையடிவாரத்தில் இந்த விளையாட்டு உருவானபோது, இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பால்ரஸ் கிரீஸ் புகைந்து போய், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் போட்டிக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. நம் சைக்கிளில் சூட்டைவிட வியர்வையின் உப்புதான் ஹேண்டில் பால்ரஸையும் திருகாணிகளையும் தின்கிறது. ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, தகரக் கொட்டகையில் போடாமல் வளவுக்குள் கல்தரையில் நிறுத்துங்கள்.

தலைக்கவசம் காற்றுத் துளைகள் நிறைந்த திறந்த வகையாக இருக்கட்டும். முகம் முழுவதையும் மூடும் கவசத்தை மலைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் சேர்த்து மெல்லிய முழுக்கைச் சட்டை வேண்டும். கிடை போட்ட இடத்தில் பட்டி நாய்கள் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் விட்டுவிடும். கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சித்திரையில் வருவதை மாற்ற முடியாது என்றால், கத்திரி முடியும்வரை விடியற்காலச் சமதள ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் கரைமேல் சைக்கிள் நிற்காது. அந்த மாதங்களில் ஊருக்குள் பழகி, வயல்காரர்களை அறிந்துகொள்ளலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் தடத்துக்கு மண் சேர்த்து வையுங்கள். மார்கழியில் கரைகள் காய்ந்ததும் பள்ளத்தூருக்கு வாருங்கள்; கானாடுகாத்தான் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் நானும் உடன் வருகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.